மொறிஸ் மைனரைக் காட்டு ரோட்டுக்கு எவ்வளவு உயர்த்தலாம்?

விசுவமடுவிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். அவருடைய அம்மப்பாவின் 1959ஆம் ஆண்டு மொறிஸ் மைனர், 948 சீசீ எஞ்சின், பல வருடமாக மாமரத்தின் கீழ் நிற்கிறது. அமெரிக்காவில் பழைய போக்ஸ்வாகன்களை வெட்டி உயர்த்திப் பாலைவனத்தில் ஓட்டும் படங்களைப் பார்த்திருக்கிறார். இதையும் அப்படி மாற்றி, முத்தையன்கட்டுப் பக்கத்து வயலுக்கும் முல்லைத்தீவுக் கடற்கரைக்கும் கொண்டுபோக ஆசை. எவ்வளவு உயர்த்தலாம், என்ன ரயர் போடலாம், நாலு சில்லும் இழுக்கும்படி செய்யலாமா என்பவை கேள்விகள்.

செய்யலாம் தம்பி. சஸ்பென்சனில் ஒன்றரை அங்குலம், அதற்கு மேல் வேண்டாம். ரயரில் கொஞ்சம். நாலு சில்லு இழுவையை மறந்துவிடுங்கள். உங்கள் காரின் பலம் உயரத்தில் இல்லை, பாரக் குறைவில் இருக்கிறது. மைனர் முக்கால் தொன்னைச் சுற்றித்தான் வரும். இரட்டைக் கதவுப் பிக்கப் ஒன்று அதைப் போல இரண்டு மடங்குக்கு மேல். வயல் வாய்க்காலில் பிக்கப் இறங்கினால் உழவு மெசினைத் தேடி ஓட வேண்டும். மைனர் இறங்கினால் நாலு பேர் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு தள்ளி ஏற்றிவிடுவார்கள். செய்கிற ஒவ்வொரு மாற்றத்திலும் இந்தப் பாரக் குறைவைக் கெடுக்காமல் பார்த்துக்கொண்டால் போதும்.

நீங்கள் பார்த்த படங்களைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். 1967இல் மெக்சிகோவின் பாஹா தீபகற்பத்தில், டிஹுவானாவிலிருந்து லா பாஸ் வரை முதலாவது பெரிய பாலைவன ஓட்டம் நடந்தது. அதை வென்றது போக்ஸ்வாகன் பாகங்களில் கட்டிய மேயர்ஸ் மான்க்ஸ் என்ற சின்ன வண்டி. இரண்டு சில்லு இழுவைதான். அதற்குப் பிறகுதான் போக்ஸ்வாகன் பீட்டிலின் முன் மூக்கையும் பின் மூடியையும் வெட்டி 'பாஹா பக்' செய்யும் பழக்கம் பரவியது. பீட்டிலுக்கு அது பொருந்தியதற்குக் காரணம் இருக்கிறது. எஞ்சின் பின்னால், அதன் பாரம் இழுக்கும் சில்லுகளின் மேலேயே இருக்கிறது. வயிறு தட்டை. தண்ணீர் ராடியேட்டர் கிடையாது. மைனரில் எஞ்சின் முன்னால், இழுவை பின்னால். ஆள் இல்லாத மைனரின் பின்பக்கம் காற்றுப் போல இருக்கும், ஈர மண்ணில் சில்லு சும்மா சுற்றும். பாஹா பக்கை அப்படியே பார்த்துச் செய்தால் மைனர் ஏமாற்றிவிடும்.

உங்களுக்கு நல்ல முன்மாதிரி பாஹா அல்ல, கிழக்கு ஆபிரிக்காவின் சஃபாரி ராலி. செம்மண், மழை, சேறு, மாடு குறுக்கே வருவது எல்லாம் நம்முடைய ஊர் மாதிரி. பேஜோ 404 அதை 1963, 1966, 1967, 1968ஆம் ஆண்டுகளில் வென்றது. கென்யாவைச் சேர்ந்த சீக்கியர் ஜோகிந்தர் சிங் 1974இலும் 1976இலும் மிட்சுபிசி லான்சரில் வென்றார். எல்லாம் குடும்பக் கார்கள், இரண்டு சில்லு இழுவை. அவற்றில் செய்த மாற்றங்களைப் பார்த்தால் ஆச்சரியமாக இருக்கும்: கொஞ்சம் உயர்த்திய பலமான வில்லு, எஞ்சினுக்குக் கீழே தடித்த தகடு, ஒடுக்கமான ரயர், வெல்டிங்கால் ஒட்டிப் பலப்படுத்திய உடம்பு. வானத்துக்கு உயர்த்திய ஒரு காரும் அங்கே வென்றதில்லை.

இனி அளவுக்கு வருவோம். பலர் தவறவிடும் ஒரு விசயம் உண்டு. சஸ்பென்சனை எவ்வளவு உயர்த்தினாலும் பின் அச்சின் நடுவில் தொங்கும் டிபரன்சியல் உருண்டை, அதாவது எஞ்சினின் சுழற்சியைப் பின் சில்லு இரண்டுக்கும் கொடுக்கும் பல்லுப்பெட்டி, ஒரு நூல்கூட உயராது. அது சில்லோடு சேர்ந்தது. அதை உயர்த்த ரயர் ஒன்றுதான் வழி, அதிலும் ரயரின் விட்டம் கூடுவதில் பாதிதான் உயரமாகக் கிடைக்கும். மைனருக்குப் போடும் 155 ரக 14 அங்குல ரயரின் விட்டம் ஏறத்தாழ 604 மில்லிமீற்றர். வான்களுக்கு வரும் 185 ரக 14 அங்குல ரயர் ஏறத்தாழ 652. வித்தியாசம் 48, உங்களுக்குக் கிடைப்பது 24 மில்லிமீற்றர், ஒரு அங்குலத்துக்குச் சற்றுக் குறைவு. குறைவாகத் தெரிந்தாலும், வண்டிப் பாதையின் நடுத்திட்டில் டிபரன்சியல் உரசுவதா தப்புவதா என்பதை அந்த ஒரு அங்குலம்தான் தீர்மானிக்கும்.

ஆனால் ரயர் 8 வீதம் பெரிதானால் இழுவை 8 வீதம் குறையும். இங்கே உங்களுக்கு ஒரு அதிர்ஷ்டம் இருக்கிறது. 948 எஞ்சினோடு வந்த டிபரன்சியலின் விகிதம் 4.55. இந்த இலக்கம் கூடினால் இழுவை கூடும், வேகம் குறையும். பிறகு வந்த 1098 எஞ்சினோடு 4.22 வந்தது. 4.55ஐ வைத்துக்கொண்டு 185 ரயர் போட்டால், கணக்கில் கிட்டத்தட்ட 4.22 ஆகிவிடும். அது இன்னும் ஓடக்கூடிய விகிதம். கராஜில் யாராவது "1098 டிபரன்சியல் இருக்கு, மாத்தித் தாறன், ஸ்பீட் வரும்" என்று சொன்னால் நன்றி சொல்லிவிட்டு வாருங்கள். பழைய 803 எஞ்சின் மைனரின் டிபரன்சியல் கண்ணில் பட்டால் விடாதீர்கள். அதன் விகிதம் 5.375, சேற்றில் எருமை மாதிரி இழுக்கும். தார் ரோட்டில் மட்டும் எஞ்சின் கத்தும்.

185 போடுவதற்கு உங்கள் காரின் ஒடுக்கமான றிம் காணாது, அகலமான றிம் தேட வேண்டும். மட்கார்ட்டின் ஓரமும் உரசும். வெட்டத்தான் வேண்டும். ஆனால் அம்மப்பாவின் மட்கார்ட்டில் தயவுசெய்து கிரைண்டரை வைக்காதீர்கள். மைனரின் நாலு மட்கார்ட்டும் போல்ட்டில் நிற்பவை. அவற்றைக் கழற்றி, சாக்கில் சுற்றி, வீட்டு அட்டாளையில் ஏற்றிவிடுங்கள். கறல் பிடித்த பழைய மட்கார்ட் நாலை வாங்கி அவற்றை வெட்டிப் பூட்டுங்கள். பத்து வருடம் கழித்து மனம் மாறினால் ஒரு பகல் வேலையில் கார் பழையபடி வந்துவிடும். றிம்மும் வெட்டுமாக மினைக்கெட விருப்பமில்லை என்றால் 165 போதும். கிடைப்பது ஒரு சென்ரிமீற்றர் அளவுதான், ஆனால் ஒடுக்கமான ரயர் சேற்றை வெட்டிக்கொண்டு கீழே உள்ள இறுக்கமான நிலத்தைத் தொடும். என் சொந்தக் காரில் 165தான் போட்டிருக்கிறேன்.

லான்ட்மாஸ்டர், அதாவது இரண்டு சில்லு உழவு மெசின், ரயரைப் போடலாமா என்று இங்கே நிறையப் பொடியள் கேட்கிறார்கள். வேண்டாம். அது நடக்கிற வேகத்துக்குச் செய்தது. தார் ரோட்டில் 60இல் போகும்போது அது என்ன செய்யும் என்பதை உங்கள் வீட்டுக்காரர்களை ஏற்றிக்கொண்டு பரிசோதிக்கக் கூடாது.

ஏன் ஒன்றரை அங்குலத்தோடு நிற்கச் சொல்கிறேன் என்றால், நான் நாலு அங்குலம் உயர்த்தியவன். பின்பக்கம் வில்லுக்கட்டு அச்சுக்குக் கீழே இருந்ததை மேலே மாற்றினேன், முன்பக்கத்தையும் அதற்குச் சமமாக முறுக்கினேன். பார்க்க அழகாக இருந்தது. மாங்குளத்திலிருந்து ஒட்டுசுட்டான் போகும் வழியில் ஒரு கன்றுக்குட்டி குறுக்கே பாய்ந்தது. ஸ்ரேறிங்கை வெட்டினேன், கார் ஒரு பக்கச் சில்லில் நின்று யோசித்துவிட்டு விழுந்தது, நல்லகாலம் சில்லுப் பக்கமாக. பக்கத்தில் மனைவி, பின்னால் பிள்ளைகள். கராஜுக்குத் திரும்பி அன்றைக்கு இரவே எல்லாவற்றையும் கழற்றினேன். உயரம் கூடும்போது பாரத்தின் நடுப்புள்ளியும் மேலே போகிறது. மைனரின் அகலம் ஒன்றும் கூடவில்லை. அதோடு வில்லு மேலே போனதால் கிளச் விடும்போது அச்சு உருளப் பார்த்தது. மைனருக்கு ஏற்கெனவே அந்தக் குணம் கொஞ்சம் உண்டு.

முன்பக்கத்தை உயர்த்துவது மைனரில் சுலபம். அலெக் இசிகோனிஸ் இந்தக் காரை வடிவமைத்தபோது முன்னுக்குச் சுருள் வில்லு வைக்கவில்லை. நீளமான உருக்குக் கம்பி ஒவ்வொரு பக்கமும் காருக்குக் கீழே பின்னோக்கி ஓடும். சில்லு ஏறி இறங்கும்போது அந்தக் கம்பி முறுகும், அதுதான் வில்லு. கம்பியின் பின் நுனியில், முன் சீற்றுக்குக் கீழேயுள்ள குறுக்குச் சட்டத்தில் அதைப் பிடித்து வைத்திருக்கும் கையில் துளைகள் இருக்கும். துளை மாற்றினால் கொஞ்சம் உயரும். அது காணாவிட்டால் கம்பியின் பல்லை ஒன்று தள்ளிப் பூட்ட வேண்டும். கழற்றுமுன் மையால் அடையாளம் போடுங்கள். இடக் கம்பியையும் வலக் கம்பியையும் மாற்றிப் பூட்டாதீர்கள், இத்தனை வருடம் ஒரு பக்கமாக முறுகிப் பழகிய கம்பியை மறுபக்கம் முறுக்கினால் வெடிக்கும். ஒன்றரை அங்குலத்துக்கு மேல் போனால், குழிக்குள் சில்லு இறங்குவதற்கு மிச்சம் இருக்காது, அந்தரத்தில் தொங்கும். தொங்கும் சில்லால் திருப்பவும் முடியாது, பிடிக்கவும் முடியாது.

பின்பக்கத்துக்குக் கூடுதல் வில்லுத் தகடு ஒன்று செருகுவதோ பழைய தகடுகளைப் பட்டறையில் வளைத்து எடுப்பதோ போதும். உயர்த்திய உடனே பிறேக் குழாய்களைப் பாருங்கள். ரப்பர் குழாய் மூன்று இருக்கும், முன்னுக்கு இரண்டு, பின்னுக்கு ஒன்று. ஜக் அடித்துச் சில்லைத் தொங்கவிட்டு, ஸ்ரேறிங்கை இரண்டு பக்கமும் முழுக்கத் திருப்பி, குழாய் இழுபடுகிறதா என்று கையால் தொட்டுப் பாருங்கள். இழுபட்டால் நீளமானதை மாற்றாமல் கேற்றைத் தாண்டக் கூடாது.

முன் சில்லைத் தாங்கும் தூணின் நுனியில் புரி வெட்டிய மூட்டு ஒன்று இருக்கிறது, டிரனியன் என்பார்கள். மைனரின் மிகப் பலவீனமான இடம் அதுதான். கிறீஸ் இல்லாமல் புரி தேய்ந்தால் ஒரு நாள் கழன்று, சில்லு அப்படியே உள்ளே மடிந்து விழும். ஊர் ரோட்டிலேயே அது நடக்கும், சேறும் தண்ணீரும் போனால் இன்னும் வேகமாக நடக்கும். சேற்றுக்குள் இறங்கிய ஒவ்வொரு தடவையும் வீட்டுக்கு வந்ததும் கிறீஸ் அடியுங்கள், பழைய சேறு வெளியே வந்து புதுக் கிறீஸ் தெரியும்வரை.

இன்னொன்று தண்ணீர். மைனரின் பிறேக் மாஸ்டர் சிலிண்டர் எங்கே இருக்கிறது தெரியுமா? சாரதியின் காலுக்குக் கீழே, தரைத் தகட்டுக்கு அடியில், சட்டத்துக்குள். மாரியில் ஒரு வாய்க்காலைக் கடந்தாலே அது குளித்துவிடும். மூடியின் காற்றுத் துளையால் தண்ணீர் உள்ளே போனால் பிறேக் ஒயில் கெட்டு, ஒரு நாள் மிதி பஞ்சு மாதிரி இறங்கும். சிறு குழாய் ஒன்று போட்டு ஒயில் டப்பாவை எஞ்சின் பக்கம் மேலே கொண்டுவாருங்கள். நான் சொல்லும் மாற்றங்களில் செலவு குறைந்ததும் உயிரைக் காப்பதும் இதுதான். தண்ணீர் கடந்த பிறகு மிதியை மெதுவாக அழுத்தியபடி கொஞ்சத் தூரம் ஓட்டி டிரம்முகளைக் காய வையுங்கள். ஆழமான தண்ணீரென்றால் இறங்குமுன் பான் பெல்ட்டைக் கழற்றிவிடுங்கள், இல்லாவிட்டால் விசிறி தண்ணீரை அள்ளி பிளக் வயரில் வீசும்.

எஞ்சின் ஒயில் சம்ப்புக்குக் கீழே 4 மில்லிமீற்றர் இரும்புத் தகடு ஒன்று கட்டாயம். நம்முடைய காட்டு வழிகளில் கல்லைவிடக் கட்டைதான் எதிரி. வெட்டிய பாலைக் கட்டையும் வீரைக் கட்டையும் புல்லுக்குள் கண்ணுக்குத் தெரியாது. தகட்டைப் போல்ட்டில் பூட்டுங்கள், ஒட்டிவிடாதீர்கள், ஒயில் மாற்ற வேண்டும் அல்லவா.

நாலு சில்லு இழுவைக்கு, சுசுகி எஸ்ஜே410இன் சட்டத்தில் மைனரின் உடம்பை இருத்தலாம் என்று சொல்வார்கள். சுசுகியின் முன் பின் அச்சு இடைவெளி 2030 மில்லிமீற்றர், மைனருடையது 86 அங்குலம், அதாவது 2184. ஆகச் சட்டத்தை வெட்டி நீட்ட வேண்டும். மைனருக்குத் தனிச் சட்டம் இல்லை, உடம்பே சட்டம். அதைக் கழற்றி இன்னொன்றில் வைக்கும்போது பாரமும் கூடும். சசி இலக்கமும் மாறிவிடும், பதிவுப் புத்தகத்தில் இருப்பது ஒரு வாகனம், ரோட்டில் நிற்பது வேறு வாகனம். நல்ல எஸ்ஜே410 ஒன்று கையில் இருந்தால் அதை அப்படியே ஓட்டுங்கள். அதுவும் பிழைக்கும், மைனரும் பிழைக்கும்.

இரண்டு சில்லுக்குச் செய்ய வேண்டியது வேறு. இங்கிலாந்தில் 1908இலிருந்து லான்ட்ஸ் எண்ட் டிரயல் என்று ஒன்று நடத்துகிறார்கள், சேற்று மலையில் சாதாரணக் கார்களை ஏற்றுவது. பக்கத்தில் இருப்பவர் இருந்த இடத்தில் எம்பிக் குதித்துப் பின் சில்லுக்குப் பாரம் கொடுப்பார். நமக்குக் குதிக்கத் தேவையில்லை, நெல்லு மூட்டை இருக்கிறது. பின் அச்சுக்கு நேரே இரண்டு மூட்டையை வைத்தால் மைனர் வேறு கார் ஆகிவிடும். ஒரு பின் சில்லு மட்டும் சும்மா சுற்றினால் ஹான்ட் பிறேக்கை இரண்டு மூன்று பல் இழுத்துப் பிடித்துக்கொண்டு மெதுவாக ஆக்சிலேற்றர் கொடுங்கள். சுற்றும் சில்லு தடைப்பட, மற்றச் சில்லுக்கு இழுவை போகும். அந்த டிபரன்சியலைக் கொண்டு செய்யக்கூடிய நல்ல வித்தை அது.

நிலம் எல்லா இடமும் ஒன்றல்ல. விசுவமடுவின் செம்மண் மழை விட்ட அடுத்த நாளே தாங்கும். பள்ளத்து வயல் களி ஒரு கிழமைக்குத் தாங்காது. முருங்கன் பக்கத்துக் கறுப்புக் களிமண் மழையில் ரயரோடு ஒட்டி மட்கார்ட்டுக்குள் நிறைந்து, சில்லைச் சுற்றவே விடாது. மட்கார்ட் வெட்டுவதன் உண்மையான பயன் அங்கேதான் தெரியும். முல்லைத்தீவு, சுண்டிக்குளம் மணலுக்கு ரயர்க் காற்றை 15 பிஎஸ்ஐ அளவுக்கு இறக்குங்கள். ரியூப் போட்ட ரயரென்றால் அதற்கும் கீழே வேண்டாம், ரயர் றிம்மில் வழுக்கி வால்வை அறுத்துவிடும். புதைந்தால் கிடுகு இரண்டு சில்லுக்குக் கீழே வையுங்கள், எந்த இரும்புத் தட்டும் அதற்கு ஈடில்லை. தார் ரோட்டில் ஏறுமுன் காற்று அடிக்கக் கால் பம்ப் வேண்டும். திரும்பியதும் அடிப்பக்கத்தை நல்ல தண்ணீரால் கழுவுங்கள், உப்பு காத்திருக்காது.

ஆவணி, புரட்டாதியில் வற்றிய குளத்தின் தரை மேசை போலத் தெரியும். ஓட்டாதீர்கள். யானை சேற்றில் நடந்த அடிகள் காய்ந்து சிமெந்துக் குழியாக நிற்கும், மைனரின் சில்லு உள்ளே இறங்கிவிடும். மாரியில் குளக்கட்டில் எந்தக் காரணத்துக்காகவும் ஏறாதீர்கள். ஈரக் கட்டில் விழும் சில்லுத்தடம் அடுத்த மழைக்கு வாய்க்காலாகும், கீழே எத்தனை குடும்பத்தின் காலபோகம் இருக்கிறது என்று உங்களுக்கே தெரியும்.

எல்லாவற்றுக்கும் மேலே மிதிவெடி. வேறு ஊர்க்காரருக்கு 'ஓஃப் ரோட்' என்றால் ரோட்டை விட்டு இறங்குவது. நமக்கு அப்படி இல்லை. மண்டையோட்டுச் சிவப்புப் பலகை இல்லை என்பதற்காக ஒரு காட்டுத் துண்டு சுத்தம் என்று அர்த்தம் இல்லை. வெள்ளம் வெடிகளை இடம் நகர்த்தவும் கூடும். மாடும் உழவு மெசினும் நாளாந்தம் போகும் தடத்தில் மட்டும் ஓட்டுங்கள். புதைந்தால் தடி வெட்டப் பற்றைக்குள் போகாதீர்கள், பலகையையும் கயிற்றையும் வீட்டிலிருந்தே கொண்டுபோங்கள். ஒதுக்கக் காட்டுக்குள் அனுமதி இல்லாமல் வாகனம் கொண்டுபோவது குற்றமும்கூட.

உங்கள் கார் தொண்ணூறுகளில் வன்னியில் ஓடியதா என்று வீட்டில் கேளுங்கள். பொருளாதாரத் தடைக் காலத்தில் இந்த மொறிஸும் ஒஸ்ரின் ஏ-40யும் மண்ணெண்ணெயில் ஓடியவை. சொட்டுப் பெற்றோலில் ஸ்ராட் செய்து, எஞ்சின் சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். அமுக்கம் குறைந்த எஞ்சின் என்பதால் தாங்கின, நோயாளிகளையும் பிள்ளைத்தாய்ச்சிகளையும் ஏற்றி இறக்கின. ஆனால் எரியாத மண்ணெண்ணெய் ஒயிலில் கலந்து சிலிண்டரைத் தேய்த்திருக்கும். அதனால் ரயருக்குக் காசு செலவழிக்குமுன் நாலு சிலிண்டரின் அமுக்கத்தையும் அளந்து பாருங்கள்.

பாகங்கள் தேடும்போது 2009இல் முள்ளிவாய்க்காலில் விடப்பட்ட வாகனங்களிலிருந்து வந்தது என்று யாராவது எதையாவது நீட்டினால் வாங்காதீர்கள். களப்பு உப்பில் கிடந்த இரும்பு உள்ளுக்குள் செத்திருக்கும், பேப்பரும் இருக்காது. அது கராஜ்காரனாக நான் சொல்லும் காரணம். அந்தக் கறல் குவியலைக் கடந்து போன நாட்களில் ஒவ்வொரு காரின் பின் சீற்றிலும் யார் இருந்து வந்திருப்பார்கள் என்றுதான் எனக்கு நினைவு வரும். அதில் ஒரு நட்டைக்கூடக் கழற்ற எனக்குக் கை வரவில்லை.

உடம்பின் வகை, எஞ்சின், நிறம் எதை மாற்றினாலும் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்துக்கு அறிவித்துப் புத்தகத்தில் பதிய வேண்டும். 2020இல் வாகன இறக்குமதி நின்று 2025இல்தான் திறந்தது. அந்த இடைவெளியில் பழைய கார்களின் விலை எங்கோ போய்விட்டது, புத்தகம் சரியாக உள்ள ஒரு மைனர் இன்றைக்கு உண்மையான சொத்து.

சரி, எங்கே தொடங்குவது? கறலில் தொடங்குங்கள். காரை ஜக்கில் உயர்த்தி, பாய்களை எடுத்துவிட்டு, ஸ்குரூட்ரைவரால் தரைத் தகட்டையும் குறுக்குச் சட்டத்தையும் பின் வில்லு மாட்டும் இடங்களையும் குத்திப் பாருங்கள். உள்ளே போனால் அங்கே புதுத் தகடு ஒட்டும்வரை சஸ்பென்சனைத் தொடக் கூடாது. பிறகு நாலு பிளக்கையும் கழற்றி, ஒவ்வொரு துளையிலும் இரண்டு கரண்டி எஞ்சின் ஒயில் விட்டு, இரண்டு நாள் அப்படியே விடுங்கள். மைனருக்குக் கையால் சுற்றும் கம்பி ஒன்று வந்திருக்கும், டிக்கியில் தேடிப் பாருங்கள், இல்லாவிட்டால் அம்மம்மாவிடம் கேளுங்கள். பற்றரி கொடுக்காமல், அந்தக் கம்பியால் மெதுவாகச் சுற்றுங்கள். சுற்றினால் எனக்கு எழுதுங்கள், அமுக்கம் அளக்கும் மீற்றர் என்னிடம் இருக்கிறது, கொண்டுவருகிறேன்.